ஆம்ப்ளிஃபயருக்குள் எதை எந்த வழியாக விடுவது?

சென்னை நங்கநல்லூரில் இருக்கும் அத்தான் சென்ற மாதம் ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரும் ஒரு ஜோடி ஸ்பீக்கரும் வாங்கினார். பெட்டியைப் பிரித்த அன்று மாலையே எனக்கு அழைப்பு வந்துவிட்டது. ஆம்ப்ளிஃபயரின் பின்புறம் முழுக்கத் துளைகள். அவர் கையிலோ கடைக்காரர் சேர்த்துக் கட்டிக்கொடுத்த விலையுயர்ந்த எச்.டி.எம்.ஐ. கேபிள் ஒன்றும், கண்ணாடி போன்ற உறையில் சிவப்புக் கோடு ஓடும் மெல்லிய ஸ்பீக்கர் ஒயர்ச் சுருள் ஒன்றும். இணைக்க வேண்டியவை ஸ்மார்ட் டிவி, மாமா விட்டுச்சென்ற ரெக்கார்ட் பிளேயர், வீட்டில் உள்ள எல்லோருடைய கைப்பேசிகள், பிறகு இந்த ஸ்பீக்கர்கள். காலையில் சமையலறையிலும் பாட்டு கேட்க வேண்டும் என்பது அத்தையின் கூடுதல் விண்ணப்பம்.

கடைகளில் இந்தக் கேள்வி "எந்த ஒயரில் சத்தம் நன்றாக இருக்கும்" என்ற வடிவத்தில்தான் கேட்கப்படுகிறது, பதிலும் விலைப்பட்டியலின் வடிவத்திலேயே வருகிறது. உறவினர்களும் நண்பர்களும் கூப்பிட்ட வீடுகளுக்கெல்லாம் போய் ஒயர் இழுத்துக் கொடுத்துப் பழகிய எனக்கு, ஒலித்தரத்தில் இந்த வழிகளுக்கிடையே உள்ள வேறுபாடு பெரும்பாலும் காதுக்கு எட்டாத அளவினது என்றே தோன்றுகிறது. ஒரு வழியை மற்றொன்றிலிருந்து உண்மையில் பிரிப்பவை வேறு: உள்ளே வரும் மின்னழுத்தம் எவ்வளவு, இரண்டு கருவிகளின் எர்த்தும் அந்த ஒயர் வழியாக ஒன்றுசேர்கிறதா, வால்யூம் எந்த ரிமோட்டில் நிற்கிறது. இந்த மூன்றையும் கேட்டுக்கொண்டே போனால் தேர்வு தானாக அமைந்துவிடும்.

டிவியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் சண்டையும் அங்கேதான் தொடங்கும். ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஒரு முனையில் 3.5 மி.மீ. பின்னும் மறுமுனையில் சிவப்பு, வெள்ளை நிறத்தில் இரண்டு ஆர்.சி.ஏ. பின்னும் கொண்ட ஒயரைப் போட்டு, ஆம்ப்ளிஃபயரில் ஆக்ஸ் (AUX) என்று எழுதிய பொதுத் துளையில் செருகுவது மிக மலிவான வழி. இதை ஏளனமாகப் பார்ப்பவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்ப்பதில்லை. ஒயரைச் செருகியதும் பெரும்பாலான டிவிகளில் உள் ஸ்பீக்கர் தானாக அடங்கிவிடுகிறது, வால்யூமும் டிவி ரிமோட்டிலேயே நிற்கிறது. டிவியின் வால்யூமை முக்கால் அளவுக்கு மேலே வைத்து, ஆம்ப்ளிஃபயரின் குமிழை ஒருமுறை பொருத்தமான இடத்தில் நிறுத்திவிட்டால், பெரியவர்களுக்குப் புதிதாக எதையும் கற்றுத்தர வேண்டியதில்லை. டிவியில் வால்யூமைக் குறைத்து ஆம்ப்ளிஃபயரில் ஏற்றினால் மட்டும் அடியில் ஒரு "ஸ்ஸ்" எனும் இரைச்சல் கேட்கும். இந்தத் துளையே இல்லாத டிவிகள் இப்போது பெருகிவருவதுதான் உண்மையான தடை.

செட் டாப் பாக்ஸின் பின்னாலுள்ள சிவப்பு, வெள்ளைத் துளைகளிலிருந்து நேராக எடுப்பது இரண்டாவது வழி. (மஞ்சள் படத்துக்கானது, அதை ஆம்ப்ளிஃபயரில் செருகினால் ரம்பம் அறுப்பது போன்ற ஓசைதான் வரும்.) சீரியலும் செய்தியும் மட்டும் பார்க்கும் வீட்டுக்கு இது போதும். ஆனால் டிவிக்குள் இருக்கும் இணையச் செயலிகளின் ஒலி இந்த வழியாக வராது. ஆகவே ஸ்மார்ட் டிவி வாங்கியவர்களுக்கு இது பாதித் தீர்வு.

அடுத்த இரண்டுக்கும் இடையேதான் உண்மையான போட்டி: எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி.யும் ஆப்டிக்கலும். ஏ.ஆர்.சி. 2009-இல் எச்.டி.எம்.ஐ. 1.4 பதிப்போடு வந்தது. படம் உள்ளே போகும் அதே துளை வழியாக ஒலியை வெளியே திருப்பி அனுப்பும் ஏற்பாடு. 2017-இல் 2.1 பதிப்போடு வந்த இ-ஏ.ஆர்.சி. பல ஸ்பீக்கர் கொண்ட ஹோம் தியேட்டர்களுக்குத் தேவைப்படும் பெரிய ஒலித்தரவைத் தாங்குவது. இரண்டே ஸ்பீக்கர் உள்ள வீட்டில் அதற்கென்று கூடுதல் பணம் கொடுக்கக் காரணமில்லை. ஏ.ஆர்.சி.யின் பெரிய வசதி ரிமோட்: டிவியை இயக்கினால் ஆம்ப்ளிஃபயரும் விழித்துக்கொள்ளும், டிவி ரிமோட்டில் வால்யூமை அழுத்தினால் ஆம்ப்ளிஃபயரில் ஏறும். இதற்கு டிவியின் அமைப்புகளில் சி.இ.சி. என்ற வசதியைத் திறந்துவைக்க வேண்டும். ஒவ்வொரு நிறுவனமும் அதற்குத் தனக்கென ஒரு செல்லப்பெயர் வைத்திருப்பதால் தேடுவதற்குள் பொறுமை போய்விடும். டிவியில் உள்ள எல்லா எச்.டி.எம்.ஐ. துளைகளும் இதற்கு உதவாது, ஏ.ஆர்.சி. என்று பொறித்த ஒன்று மட்டுமே.

ஆப்டிக்கல், அதாவது டாஸ்லிங்க், 1983-இல் தோஷிபா கொண்டுவந்தது. பிளாஸ்டிக் இழை ஒன்றின் வழியாகச் செந்நிற ஒளி துடித்துச் செல்கிறது. ஒயருக்குள் உலோகத் தொடர்பே கிடையாது. அத்தான் வீட்டில் முடிவைத் தீர்மானித்தது இந்த ஒரே குணம்தான். அவர் கடைக்காரர் சொன்னபடி எச்.டி.எம்.ஐ. கேபிளைச் செருகியதும் ஸ்பீக்கரிலிருந்து "ம்ம்ம்" என்று ஓர் உறுமல் எழுந்தது. பாட்டு ஓடும்போது மறையும், வசனங்களுக்கு இடையே அமைதி வரும்போது மீண்டும் தலைதூக்கும். ஆம்ப்ளிஃபயரில் கோளாறு என்று கடைக்குத் திருப்பி எடுத்துச்செல்லத் தயாராகிவிட்டார். நான் செட் டாப் பாக்ஸின் பின்னால் திருகியிருந்த கேபிள்காரரின் கோ-ஆக்சியல் ஒயரைக் கழற்றினேன். உறுமல் நின்றுவிட்டது.

காரணம் எளியது. நம் தெருக்களில் அந்த ஒயர் கம்பத்துக்குக் கம்பம், மொட்டை மாடிக்கு மொட்டை மாடி தாவி வருகிறது. அதன் உலோக உறை வழியில் எங்கோ ஓரிடத்தில் பூமியைத் தொடுகிறது. மூன்று முள் பிளக் உள்ள ஆம்ப்ளிஃபயர் உங்கள் வீட்டு எர்த்தின் வழியாக வேறோரிடத்தில் பூமியைத் தொடுகிறது. இரண்டு இடங்களுக்கும் மின்னழுத்தத்தில் சிறிதளவு வேறுபாடு எப்போதும் இருக்கும். எச்.டி.எம்.ஐ. அல்லது ஆர்.சி.ஏ. ஒயரின் உறை இரண்டையும் ஒரு வளையமாக மூடிவிடும்போது, 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் அந்த வளையத்தில் ஓடி, 50, 100 ஹெர்ட்ஸ் உறுமலாக ஸ்பீக்கரில் கேட்கிறது. எவ்வளவு விலையுயர்ந்த கேபிள் போட்டாலும் வளையம் வளையம்தான். ஆப்டிக்கல் அந்த வளையத்தை மூடவே விடுவதில்லை. ஆம்ப்ளிஃபயரின் பிளக்கிலுள்ள எர்த் முள்ளை ஒடித்துவிடுவது இதே வேலையைச் செய்யும் என்று சில மெக்கானிக்குகள் சொல்வார்கள். உறுமல் நிற்கும் என்பது உண்மை. உள்ளே எங்காவது மின்கசிவு ஏற்பட்டால் ஆம்ப்ளிஃபயரின் உலோகப் பெட்டியைத் தொடுபவருக்கு இருந்த ஒரே பாதுகாப்பும் அதோடு போகும் என்பதால், அந்த யோசனையைக் காதில் வாங்கவே வேண்டாம்.

ஆப்டிக்கலுக்கும் குறைகள் உண்டு. ரிமோட் கட்டளைகள் அதன் வழியாகச் செல்லாது. பல டிவிகளில் அதன் ஒலியளவு நிலையாக இருப்பதால் வால்யூமுக்கு ஆம்ப்ளிஃபயர் ரிமோட்டைத்தான் எடுக்க வேண்டும். கூர்மையாக மடித்தால் இழை கெடும். எல்லாவற்றையும்விட அதிகமாக ஆட்களைக் குழப்புவது ஒன்று: டிவியின் ஒலி அமைப்பில் டிஜிட்டல் வெளியீட்டைப் பி.சி.எம். (சுருக்காத ஒலி) என்று மாற்றாவிட்டால், டால்பி வடிவில் வரும் ஒலியை ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரால் பிரித்தறிய முடியாது. ஒன்று முழு மௌனம், இல்லையேல் வெறும் இரைச்சல். ஆம்ப்ளிஃபயரில் ஆப்டிக்கல் துளையே இல்லையென்றால், ஆப்டிக்கலை வாங்கி ஆர்.சி.ஏ.வாக மாற்றித்தரும் சிறிய டேக் (DAC) பெட்டிகள் சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவில் கிடைக்கின்றன.

எனவே என் தீர்ப்பு இது. வீட்டுக்கு டி.டி.எச். அல்லது கேபிள் ஒயர் வருகிறதென்றால் ஆப்டிக்கல். இணையம் மட்டுமே உள்ள வீடாக இருந்தால் ஏ.ஆர்.சி.; ஆப்டிக்கல், ஏ.ஆர்.சி. துளைகள் இரண்டுமே இல்லையென்றால் ஹெட்ஃபோன் துளை. டிவிக்குப் புளூடூத்தை நான் பரிந்துரைப்பதில்லை. ஒலியைச் சுருக்கி, அனுப்பி, விரிப்பதற்குள் விநாடியில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ கடந்துவிடுவதால், செய்தி வாசிப்பவரின் வாய் முன்னே போகும், குரல் பின்னே வரும்.

கைப்பேசிக்கு அதே புளூடூத் முற்றிலும் பொருத்தம், ஏனெனில் பாட்டுக்கு வாய் அசைவு இல்லை. இதில் நீட்டிப் பேச ஒன்றுமில்லை. ஆண்ட்ராய்டில் எல்.டி.ஏ.சி. (புளூடூத்தில் ஒலியைக் குறைவாகச் சுருக்கி அனுப்பும் முறை) இருந்து ஆம்ப்ளிஃபயரும் அதைப் புரிந்துகொண்டால் விநாடிக்கு 990 கிலோபிட் வரை போகும். இல்லாவிட்டாலும் ஹாலில் நடமாடிக்கொண்டே கேட்பவருக்கு வேறுபாடு தெரியாது.

ரெக்கார்ட் பிளேயர் வேறு சாதி. சி.டி. பிளேயரோ டேக் பெட்டியோ தரும் மின்னழுத்தம் உச்சத்தில் 2 வோல்ட் அளவில் இருக்க, சாதாரண எம்.எம். வகைக் கார்ட்ரிட்ஜ் (பிளேயரின் கை நுனியில் ஊசியைத் தாங்கும் பகுதி) தருவது 5 மில்லிவோல்ட்டுக்குள். நானூறில் ஒரு பங்கு. அளவு மட்டும் பிரச்சினையாக இருந்தால் வால்யூமை ஏற்றிச் சமாளித்துவிடலாம். ஆனால் இசைத்தட்டில் வெட்டும்போதே தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் மேலொலிகளைக் கூட்டியும்தான் வெட்டுகிறார்கள். அப்படிச் செய்யாவிட்டால் மிருதங்கத்தின் தொப்பி ஒலி பக்கத்து வரியையே தின்றுவிடும். 1954-இல் நிலைபெற்ற ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற அளவுகோலின்படி, கேட்கும்போது அதைத் தலைகீழாகத் திருப்பியாக வேண்டும். 20 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 20 டெசிபல் உயர்த்த வேண்டும், 20,000 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ அதே அளவு தாழ்த்த வேண்டும். இந்த வேலையை ஆம்ப்ளிஃபயரில் ஃபோனோ என்று எழுதியுள்ள துளை செய்கிறது. ஆக்ஸில் செருகினால் பாட்டு தகரடப்பாவுக்குள்ளிருந்து வருவது போல் ஒலிக்கும்; மாறாக டேக் பெட்டியை ஃபோனோவில் செருகினால் முதல் சொல்லிலேயே கிழியும்.

இங்கே தேர்வு மூன்று வகை: ஆம்ப்ளிஃபயரிலேயே உள்ள ஃபோனோ, இதே வேலையைச் செய்யத் தனியாக வாங்கும் ஃபோனோ ப்ரீ-ஆம்ப் பெட்டி, பிளேயருக்குள்ளேயே அமைந்த ப்ரீ-ஆம்ப். புதிய பிளேயர்களில் பின்புறம் ஃபோனோ, லைன் என்று ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். லைனில் வைத்துவிட்டு ஃபோனோ துளையில் செருகுவதே நான் அதிகம் பார்த்த பிழை. இரண்டு இடத்திலும் திருத்தம் நடப்பதால் ஒலி வீங்கிப்போகும். அத்தானுடையது மாமா காலத்துப் பிளேயர். சுவிட்ச் எதுவும் இல்லை, ஆம்ப்ளிஃபயரில் ஃபோனோ உண்டு, வேலை சுலபமாக முடிந்தது. ஆர்.சி.ஏ. ஒயரோடு சேர்ந்து வரும் மெல்லிய எர்த் ஒயரை ஆம்ப்ளிஃபயரின் ஜி.என்.டி. திருகில் கட்டினோம். கட்டாவிட்டால் மறுபடியும் உறுமல், இம்முறை எர்த் சேர்ந்ததால் அன்று, சேராததால். இவ்வளவு மெல்லிய மின்னோட்டம் ஓடும் ஒயரை ஒன்றரை மீட்டருக்கு மேல் நீட்டாமல், பிளேயரை ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்திலேயே வைத்துவிட வேண்டும்.

மாமாவின் பெட்டியில் எல்.பி.க்களுக்கு அடியில் நிமிடத்துக்கு 78 முறை சுழலும் சில பழைய தட்டுகளும் இருந்தன. அவற்றின் வரி அகலமானது, எல்.பி.யின் ஊசி முனை 18 முதல் 25 மைக்ரான் வரை என்றால், 78-க்கு 75 மைக்ரான் அளவுள்ள தனி ஊசி வேண்டும். எல்.பி. ஊசியை அதில் வைத்தால் பள்ளத்தின் அடியில் கிடந்து தூசியைத்தான் வாசிக்கும். அவற்றில் பல 1954-க்கு முந்தியவை என்பதால் ஆர்.ஐ.ஏ.ஏ. திருத்தமும் சரியாகப் பொருந்தாது. பக்கத்துக்கு மூன்று நிமிடம் ஓடும் அந்தத் தட்டுகளை இப்போதைக்குத் துடைத்துவைப்பதோடு நிறுத்திக்கொண்டோம்.

ஆம்ப்ளிஃபயரில் எஃப்.எம். இருந்தால் அதையும் கவனியுங்கள். இந்தியாவின் முதல் எஃப்.எம். ஒலிபரப்பு 1977-இல் நம் சென்னையில்தான் தொடங்கியது. அதற்காகவாவது பெட்டியோடு வரும் ஏரியல் ஒயரைச் சுருட்டியபடியே பின்னால் தொங்கவிடாமல் நீட்டி ஒட்டலாம். சென்னை வானொலியின் 101.4 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்ற ஏரியல் நீளம், அதாவது கால் அலைநீளம், ஏறத்தாழ 74 செ.மீ.

இனி ஸ்பீக்கர் பக்கம். ஒயரைப் பற்றி யோசிக்கும் முன் ஆம்ப்ளிஃபயரை எங்கே வைப்பது என்று யோசிக்க வேண்டும். அத்தான் அதை ஹாலின் பின்சுவரில் உள்ள ஷோகேஸில் வைக்க விரும்பினார்; பார்வைக்கு அழகு, ஆனால் ஸ்பீக்கருக்குச் சுவரோரமாகப் போனால் 12 மீட்டர். டிவி ஸ்டாண்டிலேயே வைத்தால் 3 மீட்டர். ஒயருக்குள் போவதும் வருவதும் சேர்ந்து இரட்டிப்பு நீளம் என்பதால், 12 மீட்டருக்கு 24 மீட்டர் செம்பின் மின்தடையைக் கணக்கிட வேண்டும். கடைக்காரர் கொடுத்த ஒயர் செம்பாகவே இருந்து 0.75 சதுர மி.மீ. தடிமன் என்று வைத்துக்கொண்டால் 0.55 ஓம், 1.5 சதுர மி.மீ. என்றால் 0.28, 2.5 என்றால் 0.17. ஸ்பீக்கரின் ஓம்ஸில் இருபதில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது நான் பின்பற்றும் எல்லை. 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது 0.4, 4 ஓம் ஸ்பீக்கருக்கு 0.2. ஆகவே ஷோகேஸ்தான் வேண்டுமென்றால் 8 ஓமுக்கு 1.5, 4 ஓமுக்கு 2.5; டிவி ஸ்டாண்டில் வைத்தால் மெல்லிய 0.75-கூட 4 ஓமுக்குத் தாங்கும். ஷோகேஸில் வைத்தால் டிவியிலிருந்து ஆப்டிக்கல் ஒயரையும் அதே 12 மீட்டர் இழுக்க வேண்டியிருக்கும், அந்த நீளத்தில் டாஸ்லிங்க் நம்பத்தகுந்ததன்று. ஸ்டாண்ட் வென்றது.

மீட்டர் கணக்கில் ஆயிரக்கணக்கான ரூபாய் விலை சொல்லும் ஸ்பீக்கர் ஒயர்களைப் பற்றிக் கேட்டீர்களானால், தடிமன் போதுமானதாக இருக்கும்போது அவற்றால் நான் எதையும் கூடுதலாகக் கேட்டதில்லை. மறுமுனையில், மிக மலிவாகக் கிடைப்பவற்றில் அலுமினிய இழையின் மேல் செம்பு பூசியவை நிறைய. அவற்றின் தடை அதே தடிமன் செம்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு, திருகும்போது இழைகளும் ஒடியும். ஓர் இழையைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிந்துவிடும். அத்தானின் சுருள் அந்த வகைதான். அதற்குப் பதிலாக ஐ.எஸ். 694 முத்திரையுள்ள, வீட்டு வயரிங்குக்குப் பயன்படும் 1.5 சதுர மி.மீ. பல இழைச் செம்பு ஒயரில் சிவப்பும் கறுப்புமாக வாங்கி, இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கிப் போட்டோம். மூலைக்கடை எலெக்ட்ரிக்கல்காரர் 90 மீட்டர் சுருளிலிருந்து வெட்டித்தர முணுமுணுத்தாலும் தருவார். ஒரே எச்சரிக்கை: அதைச் சுவருக்குள் மின்சார பைப்பில் விடாதீர்கள். நாளை வரும் எலெக்ட்ரீஷியன் அதை 230 வோல்ட் ஒயர் என்று எடுத்துக்கொண்டால் விபரீதமாகும்.

இணைக்கும்போது சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறிப்போனால் எதுவும் கெடாது, ஆனால் ஒரு கூம்பு முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுப்பதால் தாழ்ந்த ஒலி கரைந்துவிடும். குரல் நடுவில் நிற்காமல் அறை முழுக்க அலையும். பழைய ஒயரில் நிறம் மங்கியிருந்தால், ஆம்ப்ளிஃபயர் முனையைக் கழற்றி, அதில் ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். கூம்பு வெளியே வந்தால் பேட்டரியின் பிளஸ் தொட்டது சிவப்பு.

சமையலறைக்கு வருவோம். ஆம்ப்ளிஃபயரில் ஸ்பீக்கர் ஏ, ஸ்பீக்கர் பி என்று இரண்டு வரிசை இருந்தது. இரண்டையும் ஒன்றாக இயக்கும்போது பெரும்பாலான ஆம்ப்ளிஃபயர்கள் அவற்றைப் பக்க இணைப்பில் சேர்க்கின்றன. இரண்டு 8 ஓம் சேர்ந்து 4, இரண்டு 4 ஓம் சேர்ந்து 2. ஹாலில் உள்ளவை 6 ஓம் ஸ்பீக்கர்கள். சமையலறையில் இன்னொரு 6 ஓம் ஜோடி வைத்தால் 3 ஓம் ஆகிவிடும். பின்புறத்தில் ஏ-யும் பி-யும் சேர்ந்தால் ஒவ்வொன்றும் குறைந்தது 8 ஓம் இருக்க வேண்டும் என்று அச்சிட்டிருந்தது. அத்தையின் ஆசைக்காக ஆம்ப்ளிஃபயரைச் சூடேற்றுவதைவிட, அலமாரியில் ஒரு சிறிய புளூடூத் ஸ்பீக்கரை வைப்பதே மேல் என்று சொன்னேன். ஹாலில் பாட்டு ஓடும்போது அடுப்படியில் வேறு பாட்டு வேண்டியிருக்கும் என்பதையும் அத்தையே ஒப்புக்கொண்டார்.

பழைய வீடுகளில் இன்னொரு பொறி உண்டு. ஒயரை மிச்சப்படுத்த இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே கறுப்பு ஒயரைப் பொதுவாக இழுத்து, மூன்றே ஒயரில் முடித்திருப்பார்கள். அந்தக் காலத்து ஆம்ப்ளிஃபயர்களில் கறுப்பு முனை எர்த்தோடு சேர்ந்திருந்ததால் அது ஓடியது. இன்று பரவலாக உள்ள கிளாஸ்-டி என்ற வகை ஆம்ப்ளிஃபயர்கள் பலவற்றில் கறுப்பு முனையிலும் சிக்னல் ஓடுகிறது. இரண்டு கறுப்பையும் சேர்த்தால் ஷார்ட்தான்.

ஷார்ட்டைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது. என் முதல் ஆம்ப்ளிஃபயரை அணைக்காமலேயே ஸ்பீக்கர் ஒயரை மாட்டப் போய், ஓர் இழை பக்கத்து முனையைத் தொட, இடது பக்கம் ஒரேயடியாக ஊமையாகிவிட்டது. பவர் டிரான்சிஸ்டர்களை மாற்றிக்கொடுத்த ரிச்சி தெரு மெக்கானிக் என்னை ஏதும் கேட்கவில்லை. இழைகளை விரலால் முறுக்கிக் காட்டியதோடு சரி. அன்று முதல் பிளக்கைப் பிடுங்காமல் பின்புறத்தில் கை வைப்பதில்லை.

ஒயர் நுனியில் மாட்டும் பனானா பிளக் வாங்க வேண்டுமா என்று அத்தான் கேட்டார். முறுக்கிய வெறும் ஒயர் திருகில் இறுக்கமாக உட்கார்ந்தால் மின்சாரத்துக்கு இரண்டும் ஒன்றே. அடிக்கடி கழற்றி மாட்டுபவர்களுக்கும், இழை பக்கத்து முனையைத் தொடும் என்று அஞ்சுபவர்களுக்கும் பிளக் நல்லது. கடற்காற்று வீசும் திருவான்மியூர், பெசன்ட் நகர்ப் பக்கத்து வீடுகளில் வெறும் செம்பு ஓரிரு ஆண்டில் கறுத்துப் பச்சை பூத்துவிடுகிறது. ஸ்பீக்கர் கரகரத்தால் முதலில் அந்த முனையைத்தான் பார்க்க வேண்டும். நங்கநல்லூர் கடலுக்குச் சற்றுத் தள்ளியிருந்தாலும், ஒவ்வொரு பக்கமும் அரை மீட்டர் ஒயரை உபரியாகச் சுருட்டி ஸ்டாண்டுக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தேன். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு ஆண்டுக்கொருமுறை நுனியில் ஒரு சென்டிமீட்டரை வெட்டி, புதிய செம்பை முறுக்கி மாட்ட அது போதும்.